ரோமாபுரி மாயகிருஷ்ணன் கொடுத்த பிடிமண்

மாயகிருஷ்ணன் என்று கேட்டால் அந்தச் சந்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘ரோமாபுரி’ என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும்.

கோவில்பட்டி ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே பத்து நிமிட நடை. முன்னால் ஒரு அறை, பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் ஒரு முருங்கை மரம். அவ்வளவுதான் வீடு. அதில் அவர் தனியாக இருக்கிறார். வயது அறுபத்தைந்து. நூற்பாலை ஒன்றில் முப்பத்தோரு வருடம் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பெத்தம்மாள் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. ஒரே மகன் திருப்பதி அயர்லாந்தில் நர்ஸ். மருமகள் செல்வலட்சுமியும் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான்கு வயதில் ஒரு பேத்தி. பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளையை அவர் கையில் வாங்கியது இரண்டே முறை.

பகலில் பார்த்தால் அவர் யாரோ ஒரு பெரியவர். சாயங்காலம் ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு பட்டிமன்ற மேடை ஏறிவிட்டால் ஆளே வேறு. எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் என்று சுற்றுவட்டாரத்தில் கோயில் விசேஷத்துக்குப் பட்டிமன்றம் என்றால் ஒரு நாற்காலி அவருக்குத்தான். முப்பது வருடமாக அப்படி.

ரோமாபுரியை அவர் பார்த்ததில்லை. சென்னையையே மூன்று தடவைதான் பார்த்திருக்கிறார். பழைய புத்தகக் கடையில் எடைக்கு வந்த ஒரு சரித்திரப் புத்தகத்தில் ரோமாபுரி வீழ்ந்த கதை இரண்டு பக்கம் இருந்தது. அந்த இரண்டு பக்கத்தையும் மனப்பாடம் செய்துகொண்டார். தலைப்பு ‘குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா, மனைவியா’ என்று இருந்தாலும் சரி, பத்தாவது நிமிடத்தில் ரோமாபுரிக்குள் நுழைந்துவிடுவார்.

“காவலுக்கு நின்னவன் யாரு? வெளியூர்க்காரன்! களத்துல நின்னவன் யாரு? வெளியூர்க்காரன்! படைக்குத் தலைவன் யாரு? அவனும் வெளியூர்க்காரன்! ஒருநாள் காலையில ரோமாபுரி கண்ணு முழிச்சுப் பாக்குது. கோட்டைக் கதவு தொறந்து கெடக்கு. சாவியத் தேடுது. சாவி எங்க? அடுத்தவன் இடுப்புல!”

சொல்லிவிட்டுத் தன் இடுப்பைப் படாரென்று தட்டுவார். விசில் பறக்கும்.

கடைசி ஐந்தாறு வருடமாக அதற்கு ஒரு வாலும் முளைத்திருந்தது. நூற்பாலைக்கும் தீப்பெட்டிக் கம்பெனிக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் ரயிலில் வந்து இறங்குகிறார்கள் அல்லவா? “நம்ம கோட்டைச் சாவி பத்திரமா இருக்கான்னு ஒருக்கா தொட்டுப் பாத்துக்கோங்க!” என்பார். கூட்டத்தில் நாலு பேர் நிஜமாகவே இடுப்பைத் தொட்டுப் பார்ப்பார்கள். மேடை போடுகிறவர்கள் போனிலேயே சொல்லிவிடுவார்கள்: “அண்ணாச்சி, எத வேணா விட்டுருங்க, அந்தச் சாவிய விட்டுராதீங்க.”

எதிரணியில் எப்போதும் செய்யது அலி. கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். மேடையில் எதிரி, கீழே இறங்கினால் மாயகிருஷ்ணனுக்கு இருக்கிற ஒரே சிநேகிதர். அவர் தன் முறை வரும்போது அமைதியாகச் சொல்வார்: “ஆத்தத் தாண்டி ரோமாபுரிக்குள்ள வந்தவன் வாளத் தூக்கிக்கிட்டு வரல. பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்தான். பின்னால ஒருத்தன் வெரட்டினான், முன்னால ஆறு. பசியோட வந்தவனுக்குக் கரையில நின்ன அதிகாரி நாய்க்கறியக் குடுத்தான். அதுக்கு வெலையா பெத்த பிள்ளைய வாங்கிக்கிட்டான். கோட்டை விழுந்தது அன்னைக்குத்தான்.” இதற்குக் கைதட்டு விழாது. நாய்க்கறி என்றதும் பெண்கள் முகத்தைச் சுளிப்பார்கள்.

மேடை முடிந்து வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும் அந்த நேரம் இருக்கிறதே, அதுதான் மாயகிருஷ்ணனுக்குப் பொறுக்காது. போர்த்திய பொன்னாடையை எடுத்துக் காட்ட ஆள் வேண்டாமா? அதை மடித்துப் பெத்தம்மாளின் சேலைகள் இருக்கும் பெட்டியில் வைப்பார். பிறகு ஒரு தட்டு, ஒரு தம்ளர். முருங்கை மரத்தின் மூட்டில் அந்த இரண்டையும் கழுவி வைத்துவிட்டால் நாள் முடிந்தது.

வருடத்தில் ஒரே ஒரு நாள் அந்த வாசலில் அவர் குரல் நிமிரும். அவருடைய முன்னோர், வடக்கே ஒரு பேரரசு சரிந்துபோன காலத்தில், மாடும் வண்டியுமாகத் தெற்கே வந்தவர்கள். வீட்டில் பேசிய தெலுங்கு தேய்ந்து தேய்ந்து, அப்பாவைக் கூப்பிடும் ‘நாயினா’ மட்டும்தான் இப்போது மிச்சம். வரும்போது தங்கள் குலதெய்வமான ஜக்கம்மாவை ஒரு பிடி மண்ணாக மஞ்சள் துணியில் முடிந்து கொண்டு வந்து, புதூர்ப் பக்கம் ஒரு செம்மண் செவல் மேட்டில் நிறுத்தினார்கள். சித்திரையில் நடக்கும் கொடைத் திருவிழாவுக்கு முன்னால், கோயில் பொறுப்பாளர் குருசாமி வீடு வீடாக வந்து தலைக்கட்டு எழுதுவார். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு.

“ஒங்க வீட்ல எத்தன?” என்று குருசாமி கேட்பார்.

“ரெண்டு!” என்பார் மாயகிருஷ்ணன். தெருக் கடைசி வரை கேட்கும். மகன் ஏழு கடல் தாண்டி இருந்தால் என்ன? பெயர் இங்கே இருக்கிறது. பெயர் இருக்கிற இடத்துக்கு ஆள் வந்துதானே ஆக வேண்டும்?

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பதி போன் செய்தான்.

“நாயினா, ஒரு சோலி. ஜக்கம்மா கோயில்ல பிடிமண் எடுத்து வைக்கணும். இசக்கிராஜா லீவுக்கு வந்திருக்கான். தை பதினஞ்சுக்குக் கெளம்புதான். அவன்ட்ட குடுத்து விடுங்க.”

“பிடிமண்ணா? எதுக்குப்பா?” தெரியாதவர் போலக் கேட்டார்.

“வீடு வாங்கியாச்சுல்லா. பாப்பாவயும் ஸ்கூல்ல சேத்தாச்சு. செல்வி ரொம்ப ஆசப்படுதா.”

“அப்ப கொடைக்கு?”

“லீவு கெடைக்கிறப்ப வாரோம் நாயினா. நீங்க இங்கன வந்திருங்கன்னாலும் கேக்க மாட்டேங்கிதீங்க.”

“அந்தக் குளிர்ல எனக்கு மைக் யாரு குடுப்பா?” என்று சிரித்து வைத்தார். போனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே காய்ந்துபோய் நின்றது.

பிடிமண் என்றால் என்ன என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அயலூரில் நிலையாகத் தங்கிவிட்டவன் கேட்பது அது. குடும்பத்தில் மூத்தவர், தெய்வத்தின் பீடத்துக்குக் கீழே ஒரு கை அள்ளி, மஞ்சள் துணியில் முடிந்து, ‘போய் வாழு’ என்று வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும். வாங்கியவன், போன இடத்தில் தெய்வத்தை வைத்துக் கும்பிடலாம். அதற்குப் பிறகு தாய்க் கோயில் கொடைக்கு அவன் வந்தே தீர வேண்டும் என்பது இல்லை. தலைக்கட்டிலிருந்து அவன் பெயரை எடுத்துவிடுவார்கள்.

மகன் மண் கேட்கவில்லை. விடை கேட்கிறான். இதை இந்த மனிதரால் யாரிடம் சொல்லி அழ முடியும்?

தை மாதம் முதல் வெள்ளிக்கிழமை புதூர் பஸ் ஏறிக் கோயிலுக்குப் போனார். உச்சி வெயில். மேட்டில் ஈ காக்கை இல்லை. பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்து, மண் அள்ளக் கொண்டுபோன தேங்காய்ச் சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். ஒரு மணி நேரம் போயிற்று, இரண்டு மணி நேரம் போயிற்று, பொழுதே சாய்ந்துவிட்டது. கை மண்ணில் இறங்க மறுத்தது. அள்ளிவிட்டால் அவன் போய்விட்டான். அள்ளாத வரைக்கும் அவன் போகவில்லை. கடைசி பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் சிரட்டையை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

தை பதினாலாம் தேதி காலையில் இசக்கிராஜா வாசலில் வந்து நின்றான். திருப்பதியோடு ஒன்றாகப் படித்து, ஒன்றாகக் கடல் தாண்டிப் போனவன்.

“எடுத்து வச்சிட்டீங்களா மாமா?”

“இந்தா, ஒரு நிமிசம்.”

மாயகிருஷ்ணன் பின்பக்கம் போனார். முருங்கை மூட்டில் குனிந்தார். தட்டு கழுவுகிற இடத்திலிருந்து ஒரு பிடி அள்ளினார். மஞ்சள் துணியில் முடிந்தார். குங்குமமும் வைத்தார். மகனை ஏமாற்றுகிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஜக்கம்மாவைப் போகவிடாமல் பிடித்து வைத்திருப்பதாகத்தான் தோன்றியது. அவள் இங்கே இருந்தால், அவன் ஒருநாள் வந்துதானே ஆக வேண்டும்!

“வார்த்த சொல்லிக் குடுங்க மாமா. திருப்பதி மறக்காம வாங்கிட்டு வரச் சொன்னான்.”

“அத நான் அவன்ட்ட போன்ல சொல்லிக்கிடுதேன். நீ கொண்டுட்டுப் போ.”

இசக்கிராஜா முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, துணிமணிக்கு நடுவில் பத்திரமாக வைத்துக் கொண்டு போனான்.

மாசித் திருவிழாவில் விளாத்திகுளம் பக்கம் ஒரு ஊரில் பட்டிமன்றம். தலைப்பே அவருக்காக வைத்தது மாதிரி இருந்தது: ‘பேரரசுகள் வீழ்ந்தது வெளியே இருந்து வந்தவர்களாலா, உள்ளே இருந்தவர்களாலா?’ அன்றைக்கு அவர் பேசிய மாதிரி முப்பது வருடத்தில் பேசியதில்லை. சாவி, இடுப்பு, விசில். யாரோ அதைப் படம் பிடித்துப் பரப்பிவிட்டார்கள். மறுநாள் டீக்கடையில் முன்பின் தெரியாதவர்கள்கூட இடுப்பைத் தட்டிக் காட்டினார்கள்.

ஆனால் அந்த ஞாயிறு மகனிடமிருந்து போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அவர் கூப்பிட்டபோது, ‘டூட்டில இருக்கேன் நாயினா, அப்புறம் பேசுதேன்’ என்று செய்தி மட்டும் வந்தது. மூன்றாவது ஞாயிறு போன் வந்தது. இந்த முறை முகம் தெரியவில்லை. குரல் மட்டும்தான்.

“என்னப்பா, பாப்பாவக் காட்ட மாட்டியா?”

“தூங்குதா நாயினா. பத்து நாளா சரியாத் தூங்கல. இங்கன கொஞ்சம் பிரச்சினை. வெளிநாட்டுக்காரன்லாம் வீட்டுக்குப் போன்னு போர்டு புடிச்சுக்கிட்டு ஒரு கூட்டம். போன வாரம் நான் டூட்டிக்குப் போயிருக்கப்ப ஜன்னல்ல கல்லு விட்டுட்டானுவ. செல்வியும் பாப்பாவும் மட்டுந்தான் வீட்ல. கண்ணாடி ஒடஞ்சு கட்டில்ல விழுந்திருக்கு. யாருக்கும் ஒண்ணும் ஆகல.”

“ஐயோ!”

“பதறாதீங்க. எல்லாரும் அப்படி இல்ல. பக்கத்து வீட்டம்மா அப்பவே ஓடி வந்து கண்ணாடியெல்லாம் பெருக்கி, பாப்பாவ மடியிலயே வச்சிருந்தாங்களாம். ஆனா செல்விதான் பயந்துட்டா. படுத்தா எந்திரிச்சிருவா. அப்புறம் நீங்க குடுத்துவிட்ட பிடிமண்ண ஒரு சட்டியில போட்டு, வாசக்கதவுக்கு உள்பக்கம் வச்சேன். ஜக்கம்மா காவலுக்கு நிக்கா, நீ தூங்குன்னு சொன்னேன். அதுக்கப்புறந்தான் கண்ணசந்தா.”

மாயகிருஷ்ணன் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டார். எச்சில் தட்டு கழுவிய மண்! அந்த மண்ணைக் காவலுக்கு வைத்துவிட்டு, ஒரு பெண்ணும் ஒரு பச்சைப் பிள்ளையும் தூங்குகிறார்கள்!

“ஒங்க வீடியோ பாத்தேன் நாயினா. நல்லாப் பேசியிருந்தீங்க.”

“பாத்தியா?”

“ம். இங்கயும் அந்தக் கூட்டத்துல ஒருத்தரு மைக்ல பேசினாரு. அவரும் ரோமாபுரிதான். காவலுக்கு நின்னவன் யாரு, களத்துல நின்னவன் யாருன்னு அதே மாதிரி. கைதட்டுகூட அப்படியேதான்.”

முப்பது வருடப் பழக்கம். மாயகிருஷ்ணன் வாய் அவரை மீறிக் கேட்டுவிட்டது: “சாவியுமா?”

“இல்ல நாயினா. சாவி ஒங்க சொந்தச் சரக்கு.”

மகன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு குத்தல் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இல்லை. சின்ன வயதில் மேடைக்குக் கீழே மண்ணில் உட்கார்ந்து, அப்பா இடுப்பைத் தட்டும்போது கூடவே தட்டுவானே, அந்தப் பையனின் சிரிப்பு.

“ஏலே திருப்பதி,” என்றார். “அது ஜக்கம்மா இல்லலே. ஒங்கப்பன் ஒன்ன ஏமாத்திட்டேன். பீடத்துல நான் கையே வைக்கல. அது...”

“தெரியும் நாயினா.”

“என்ன தெரியும்?”

“கோயில் மண்ணு செவலு. நீங்க குடுத்தது கரிசலு. முடிச்ச அவுத்ததுமே தெரிஞ்சிட்டு. உள்ள ஒரு சோத்துப் பருக்க காஞ்சு கெடந்துது. முருங்க மூட்டு மண்ணுதான?”

கரிசல் காட்டில் பிறந்து வளர்ந்த மனிதர், மண்ணின் நிறத்தை மறந்துபோயிருந்தார்!

“தெரிஞ்சுமாலே வாசல்ல வச்ச?”

“அம்மா பாத்திரம் வெளக்கின எடம். காவலுக்கு அம்மா போதும்னு தோணிச்சு.”

மாயகிருஷ்ணன் துண்டை வாயில் திணித்துக்கொண்டார். அப்படியும் அழுகை வெளியே வந்தது. அந்தப் பக்கம் மகன் காத்திருந்தான். நோயாளிகள் அழுதால் காத்திருந்து பழகியவன்.

பிறகு மெதுவாகச் சொன்னான்: “ஆனா நாயினா, வார்த்த சொல்லலையே நீங்க. போன்ல சொல்லுதேன்னு இசக்கிட்ட சொன்னீங்களாம். ஆறு வாரமாச்சு. அம்மா இருந்தா அவளே சொல்லியிருப்பா. இப்ப நீங்கதான் சொல்லணும்.”

‘வந்துருலே’ என்ற சொல் அவர் நாக்கு நுனியில் நின்றது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துருலே. கல் எறிகிற ஊரில் என்ன வாழ்க்கை? சொன்னால் வந்துவிடுவானோ என்னவோ. வந்து? இந்தச் சந்தில், இந்த ஒற்றை அறையில், அவர் சாகும்வரை பக்கத்தில் இருப்பான். பாப்பாவுக்கு அந்த ஊர்தான் தெரியும். வீடு அவர்கள் சம்பாதித்து வாங்கியது. அந்தக் கதவுக்கு உள்ளே ஒரு சட்டி மண், வார்த்தை இல்லாமல் வெறும் மண்ணாக இருக்கிறது.

“போய்...” என்றார். அதற்கு மேல் சத்தம் வரவில்லை.

“கேக்கல நாயினா.”

மாயகிருஷ்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆயிரம் பேருக்கு முன்னால் எடுக்கிற மூச்சை எடுத்தார்.

“போய் வாழு!”

சுவரில் மாட்டியிருந்த பெத்தம்மாள் படம் வரைக்கும் கேட்டிருக்கும்.

பங்குனியில் எட்டயபுரம் பக்கம் ஒரு மேடைக்கு முன்பே ஒத்துக்கொண்டிருந்தார். அதே தலைப்பு. பெருங்கூட்டம். பாதிப் பேர் கையில் போன். அவர் எழுந்து, “காவலுக்கு நின்னவன் யாரு?” என்று தொடங்கியதும் கூட்டமே, “வெளியூர்க்காரன்!” என்று பதில் சொன்னது. அவர் கை இடுப்புக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

காவலுக்கு நிற்பது யார்? ஆறு வருடத்துக்கு முன் செத்துப்போன ஒரு பெண்பிள்ளை, ஒரு சட்டி மண்ணில் நிற்கிறாள்.

“எங்க பூட்டன்மாரு வடக்க இருந்து வந்தவங்க,” என்றார். மைக் இல்லாவிட்டால் அது முதல் வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. “அங்கன ஒரு பெரிய ராஜ்யம் விழுந்துபோச்சு. விழுந்ததால ஓடியாந்தாங்க. அவங்க வந்ததால இங்கன எந்த ராஜ்யமும் விழுந்ததா நான் கேள்விப்படல. அன்னைக்கு இங்கன இருந்தவங்க, ‘போங்கடா ஒங்க ஊருக்கு’ன்னு கல்லெடுத்திருந்தா, இந்த மைக்குக்கு முன்னால நான் நின்னுருக்க மாட்டேன். ரோமாபுரி ஏன் விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் படிச்சது ரெண்டே பக்கம்.”

உட்கார்ந்துவிட்டார். ஒருவரும் கைதட்டவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல், “ஏ ரோமாபுரி, சாவி எங்கவே?” என்றது. கூட்டம் சிரித்தது.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் செய்யது அலி பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

“என்னவே, முப்பது வருசமா நான் பேசினதத் திருடிட்டீரே?” என்றார் செய்யது அலி. “இனி நான் என்னத்தப் பேச? உம்ம சாவிய எனக்குத் தந்திருதீரா?”

“நீரே வச்சுக்கிடும்.”

“எனக்கெதுக்கு? கடைச் சாவியே கனக்குது.” பிறகு குரல் தணிந்து, “திருப்பதி நல்லாருக்கானாவே?” என்று கேட்டார். மாயகிருஷ்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். செய்யது அலி அவர் தோள்மேல் கையைப் போட்டார். இறங்கும்வரை அதை எடுக்கவில்லை.

அதன்பிறகு பட்டிமன்றத்துக்கு யாரும் கூப்பிடவில்லை.

சித்திரை பிறந்தது. ஒரு காலையில் குருசாமி நோட்டும் பேனாவுமாக வாசலில் வந்து நின்றார்.

“ஒமக்கு ரெண்டு தலக்கட்டு, எழுதிட்டேன். சரிதான?”

“ஒண்ண அடிச்சிரும்.”

“என்னவே சொல்லுதீரு?”

“திருப்பதிக்குப் பிடிமண் குடுத்தாச்சு.”

“எப்பவே? கோயில்ல ஒருத்தருக்கும் தெரியாதே?”

“வீட்டு மண்ணுதான். வார்த்த சொல்லிக் குடுத்துட்டேன்.”

குருசாமி அவர் முகத்தையே பார்த்தார். பிறகு நோட்டைச் சுவரில் வைத்து, ஒரு பெயரின் மேல் கோடு இழுத்தார். வழக்கப்படி கேட்டே எழுத வேண்டும். அதனால் தலையைக் குனிந்தபடியே கேட்டார்:

“அப்ப ஒங்க வீட்ல எத்தன?”

“ஒண்ணு,” என்றார் மாயகிருஷ்ணன்.

எதிர் வீட்டுக்குக்கூடக் கேட்கவில்லை.